ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமா? மனு ரசீது முதல் தீர்ப்பு வரை ஒரு பாடம்

“போலீஸ் ஸ்டேஷன் வாசலையும் கோர்ட்டு வாசலையும் மிதிக்காம வாழ்ந்துட்டுப் போயிடணும்.” நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நாம் எல்லோரும் கேட்ட வார்த்தை இது. காஞ்சிபுரத்தில் தறி வீடு ஆனாலும் சரி, சன்னதித் தெருவில் பூக்கடை ஆனாலும் சரி, இதே பேச்சுதான். “போனா அலைய விடுவாங்க”, “எழுதி வாங்கி வெச்சுக்குவாங்க, ஒண்ணும் நடக்காது”, “நம்ம மேலயே கேஸ் திரும்பிடும்” என்று அடுக்கிக்கொண்டே போவார்கள்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்டேஷனுக்குப் போகாதவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார். ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார். இல்லையென்றால் ‘பேசி முடிக்க’ ஏரியாவில் செல்வாக்கு உள்ள யாரையாவது தேடிப் போகிறார். முதல் வழியில் பணம் போகிறது. இரண்டாவது வழி கட்டப் பஞ்சாயத்தில் முடிகிறது. அங்கே ரசீதும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

அதனால் இந்த இதழில் ஒரு புகார் நடக்கும் பாதையை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கப் போகிறோம். எந்த இடத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும், மறுத்தால் அடுத்த கதவு எது, ஃபோனிலேயே எதைப் பார்க்கலாம் என்பதுதான் பாடம்.

நம்பிக்கை எங்கே உடைகிறது?

இரண்டு வழக்குகளைப் பார்ப்போம். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை.

முதலாவது, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாக அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களிலேயே கோவில்பட்டியில் நீதிமன்றக் காவலில் இருந்தபோது இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் சொன்னார். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது.

இரண்டாவது நம் காஞ்சிபுரத்திலேயே நடந்தது. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே கோயில் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு விசாரணையை 2005-ல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் 83 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று, காஞ்சி மடாதிபதிகள் உட்பட 23 பேரும் விடுதலை செய்யப்பட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருடம் கழித்தும் ‘அப்படியானால் கொன்றது யார்?’ என்ற கேள்வி ஊரில் அப்படியே நின்றது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாத்தான்குளத்தில் ஒரே ஒரு சாட்சி பேசியது வழக்கைத் திருப்பியது. காஞ்சிபுரத்தில் 83 பேர் முதலில் சொன்னதை விட்டு விலகினார்கள். நம்பிக்கை குறைந்தால் புகார் குறையும், சாட்சி குறையும். சாட்சி குறைந்தால் வழக்கு தோற்கும். வழக்கு தோற்றால் நம்பிக்கை இன்னும் குறையும். இது ஒரு சுழல். காவல்துறையும் நீதிமன்றமும் தங்கள் பக்கத்தைச் சரி செய்ய வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. நம் பக்கத்தில் இருப்பது, சட்டம் கொடுத்த உரிமையைத் தெரிந்து கேட்பது.

பாடம் 1: மனு வேறு, சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. “கம்ப்ளெய்ன்ட் கொடுத்துட்டேன்” என்று சொல்பவரிடம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பல நேரம் ஒன்றுமே இருக்காது.

மனு என்பது நீங்கள் எழுதிக் கொடுப்பது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அதில் ஒரு எண்ணும் தேதியும் இருக்கும். இது வந்தால், உங்கள் மனு பதிவேட்டில் ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் வழக்கு பதிவாகிவிட்டது என்று பொருள் இல்லை.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 173-வது பிரிவைத் தெரிந்துகொண்டால் போதும்:

• பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், தகவலைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

• சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். “இது சிவகாஞ்சி லிமிட், விஷ்ணுகாஞ்சிக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம்.

• மின்னணு முறையில் அனுப்பலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

• எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். ஜெராக்ஸ் செலவு என்றுகூடக் காசு கேட்கக் கூடாது.

எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்பது புதிதல்ல. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாடம் 2: “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க”

நம் ஊரில் அதிகம் கேட்கும் பதில் இதுதான். சில நேரம் அது சரியான பதில். சில நேரம் தட்டிக் கழிக்கும் பதில். எது எப்போது என்று ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்ப்போம்.

பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருக்கும் ஒருவர், வெளியூர் வியாபாரி ஒருவருக்கு எட்டுப் பட்டுப் புடவை கொடுக்கிறார். “அடுத்த மாசம் பணம் தர்றேன்” என்கிறார் வியாபாரி. மூன்று மாதம் ஆகிறது, பணம் வரவில்லை.

வியாபாரி ஃபோனை எடுக்கிறார், “சீசன் டல்லா இருக்கு அண்ணே, பொறுங்க” என்கிறார், முன்பு பல தடவை சரியாகப் பணம் கொடுத்தவர் என்றால், இது பெரும்பாலும் கடன் பாக்கி. சிவில் விஷயம்தான். போலீஸ் பணத்தை வசூலித்துத் தர முடியாது, தரவும் கூடாது. ஆனால் நெசவாளருக்கு வழி இல்லாமல் இல்லை:

• பொருள் விற்ற பணத்துக்குப் பொதுவாக 3 வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம்.

• உத்யம் பதிவு இருந்தால், குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் வட்டியோடு கேட்டு, அதற்கான கவுன்சிலில் ஆன்லைனிலேயே மனுச் செய்யலாம். பதிவு இலவசம். தறி வைத்துச் சொந்தமாக உற்பத்தி செய்பவர்கள் இதை முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது.

• வியாபாரி செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால், தேதிக் கணக்கு முக்கியம். வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். “பேசிக்கலாம், பேசிக்கலாம்” என்று இந்தத் தேதிகளைக் கடத்துவதுதான் ஏமாற்ற நினைப்பவர் செய்யும் வேலை.

இப்போது உதாரணத்தை மாற்றுவோம். வியாபாரி கொடுத்த கடை முகவரியில் அப்படி ஒரு கடையே இல்லை. விசிட்டிங் கார்டு போலி. இதே மாதிரி இன்னும் நாலு பேரிடம் புடவை வாங்கியிருக்கிறார். இது முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வரும் மோசடி. இதில் ‘சிவில்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சரியில்லை. விற்றுத் தரச் சொல்லி நம்பிக்கையின் பேரில் கொடுத்த பொருளை அவர் தன்னுடையதாக்கிக்கொண்டால், அது 316-வது பிரிவு, நம்பிக்கை மோசடி.

அதனால் மனு எழுதும்போது “பணம் தரவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதியில், என்ன சொல்லி வாங்கினார், அதில் எது பொய் என்று பிறகு எப்படித் தெரிந்தது என்பதை வரிசையாக எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஃபோனிலேயே அசல் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். 3 வருடம் முதல் 7 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது 14 நாளுக்குள் முடிய வேண்டும். “என்கொயரில இருக்கு” என்ற பதில் மாதக் கணக்கில் நீண்டால், அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

பாடம் 3: பதிவு செய்ய மறுத்தால்

படி 1. மறுத்தவர் பொறுப்பு அதிகாரியா, பணியில் இருந்த ஏட்டா என்று பாருங்கள். இன்ஸ்பெக்டரைச் சந்திக்கவே இல்லை என்றால் முதலில் அவரைப் பாருங்கள். பல மனுக்கள் ரைட்டர் மேஜையைத் தாண்டுவதே இல்லை.

படி 2. அப்படியும் நடக்கவில்லையா? 173(4) பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்.பி. அலுவலகங்களில் புதன்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் நேரில் கொடுக்கலாம். ‘முதல்வரின் முகவரி’ 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம்.

படி 3. அதற்கும் பலன் இல்லையென்றால், மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். 175(3) பிரிவின்படி, விசாரிக்கும்படி அவர் போலீஸுக்கு உத்தரவிட முடியும். இதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும். எஸ்.பி.க்கு அனுப்பியதன் ஆதாரமும் வேண்டும். படி 2-ல் வாங்கிய ஒப்புகை அட்டை இங்கேதான் கைகொடுக்கும்.

பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்றவற்றில் தகவலைப் பதிவு செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 199-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் புகாரில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையே இல்லை என்று அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது.

பாடம் 4: கையில் இருக்கும் ஃபோனில் என்னென்ன பார்க்கலாம்?

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளம்: ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். எண்ணை வைத்து நிலவரம் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆரைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட், சான்றிதழ் போன்ற ஆவணங்கள் தொலைந்தால், அதற்கான அறிக்கையையும் இங்கேயே பதிவு செய்யலாம். கருட சேவைக் கூட்டத்தில் பர்ஸைத் தொலைத்தவர் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம், குழந்தைகள் தொடர்பான வழக்கு போன்றவை மட்டும் ஏற்றப்படாது. பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தைக் காக்கத்தான் அது.

காவல் உதவி செயலி: அவசரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உங்கள் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகத் திரும்புபவர்கள், தனியாக வசிக்கும் பெரியவர்கள் ஃபோனில் இருக்க வேண்டியது.

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி: நீதிமன்றத்துக்குப் போன ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது, என்ன உத்தரவு வந்தது எல்லாம் தெரியும். சி.என்.ஆர். தெரியாவிட்டால் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தும் தேடலாம்.

எண்கள்: அவசரம் 112, பெண்கள் 181, குழந்தைகள் 1098, இலவச சட்ட உதவி 15100, ஆன்லைன் பண மோசடி 1930. கடைசி எண்ணுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பணம் போன உடனே அழைக்க வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றால், பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும்.

பாடம் 5: புகார் கொடுத்தாச்சு, அப்புறம்?

“கேஸ் என்ன ஆச்சுன்னு கேட்டா கோபப்படுறாங்க” என்று தயங்க வேண்டாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-வது பிரிவு சொல்கிறது. ஃபோன் செய்தியாகவும் அனுப்பலாம். நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

கேட்கும் முறையும் முக்கியம். எஃப்.ஐ.ஆர். எண், தேதி, விசாரணை அதிகாரி பெயர் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். “அந்தப் புடவை கேஸுங்க ஐயா” என்று ஆரம்பித்தால், அவர் பழைய கட்டுகளைப் புரட்டுவதற்குள் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும். என்றைக்குப் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன பதில் என்பதையும் ஃபோனில் குறித்து வையுங்கள். மேலே மனுச் செய்யும்போது, “பல முறை அலைந்தேன்” என்பதைவிடத் தேதியோடு சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

பாடம் 6: விசாரணைக்குக் கூப்பிட்டால்

“ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க” என்று ஃபோன் வந்தாலே வீடு பதறும். சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் ஸ்டேஷனுக்கும் போகலாம். 179-வது பிரிவு இதைச் சொல்கிறது. சாட்சி சொன்னதை எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அது தேவையில்லை என்று சொல்லலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தச் சூழலிலும் வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலும் உரிமை உண்டு. கைது தேவையில்லாத வழக்குகளில் 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். விதிவிலக்கான சூழல் தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் பலவும் இப்போது சட்டத்திலேயே ஏறியிருக்கின்றன.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, “அடிச்சாங்களா, உடம்புக்கு என்ன?” என்று கேட்பது வெறும் சடங்கல்ல. காயம் இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். சாத்தான்குளம் நமக்குக் கற்றுக் கொடுத்த பெரிய பாடம் இது.

புகாரே போலீஸ் மீது என்றால்? எஸ்.பி.க்கு மனுக் கொடுக்கலாம். மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் ஒலியும் பதிவாகும் சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதமோ, குறைந்தது ஒரு வருடமோ பாதுகாக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் புகார் எழுதும்போதே, “இந்தத் தேதி, இந்த நேரத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாடம் 7: சாட்சி சொல்லப் போகலாமா?

காஞ்சிபுரம் வழக்கின் 83 என்ற எண்ணுக்குத் திரும்புவோம். சாட்சிகள் ஏன் விலகுகிறார்கள் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. மிரட்டல் இருக்கலாம், பணம் இருக்கலாம், வருடக் கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த சலிப்பு இருக்கலாம். சில நேரம், முதலில் எழுதப்பட்டதே அவர் சொன்னதாக இல்லாமலும் போயிருக்கலாம். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்று இருப்பவருக்கு ஒரு நாள் கோர்ட்டு என்பது ஒரு நாள் வருமானம்.

இதற்கு இப்போது என்ன ஏற்பாடு இருக்கிறது?

• முக்கியமான சாட்சியின் வாக்குமூலத்தை 183-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டே நேரடியாகப் பதிவு செய்யலாம். போலீஸ் எழுதியதற்கும் இதற்கும் எடை வேறு.

• சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், 2018. இதை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்று நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மிரட்டல் இருந்தால் மனுச் செய்யலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, போலீஸின் அச்சுறுத்தல் அறிக்கையைப் பெற்று முடிவெடுக்கும். வீட்டுக்குப் பாதுகாப்பு, ஃபோன் எண் மாற்றம், கோர்ட்டில் குற்றவாளியை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்வது, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை இதில் உண்டு. புதிய சட்டத்தின் 398-வது பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

• அரசுத் தரப்புச் சாட்சி கோர்ட்டுக்கு வரும் செலவுக்குச் சாட்சிப்படி கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம்.

அதே நேரம், கோர்ட்டில் தெரிந்தே பொய் சொன்னால் 7 வருடம் வரை தண்டனை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பாடம் 8: கோர்ட்டு என்றாலே செலவா?

நாடு முழுக்க 5 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது “தாமதமே ஆகாது” என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து’ விட்டுவிட வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

கடன் பாக்கி, செக் வழக்கு, விபத்து இழப்பீடு போன்றவற்றை இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் லோக் அதாலத்தில் முடிக்கலாம். கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே முடிந்தது முடிந்ததுதான்; அப்பீல் கிடையாது. ‘பேசி முடிக்க’ விரும்புபவர்களுக்குச் சட்டம் கொடுத்த இடம் இது. கட்டப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே கையெழுத்தாகும் காகிதம் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்.

உங்களுக்கே ஒரு சின்னச் சோதனை

1. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டார்கள். வழக்கு பதிவாகிவிட்டதா?
இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் வழக்கு.

2. ஆன்லைனில் புகார் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கலாமா?
கூடாது. 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

3. செக் திரும்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் நோட்டீஸ் அனுப்பவில்லை. என்ன ஆகும்?
30 நாள் கெடு போய்விட்டது. அந்தச் செக் இன்னும் செல்லுபடியாகும் காலத்தில் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, இந்த முறையாவது தேதியைத் தவற விடாமல் பாருங்கள். இல்லையென்றால் சிவில் வழி மட்டும்தான்.

4. 65 வயது அப்பாவைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். கட்டாயமா?
இல்லை. வீட்டில் வைத்து விசாரிக்கும்படி கேட்கலாம்.

நான்கில் இரண்டு தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. இந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: காவல் உதவி, இ-கோர்ட்ஸ் இரண்டு செயலிகளையும் உங்கள் ஃபோனில் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அம்மா, பாட்டி ஃபோனிலும் இறக்கி, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு தடவை காட்டிக் கொடுங்கள். 15100 எண்ணை ‘இலவச வக்கீல்’ என்று தமிழிலேயே சேமித்துக் கொடுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது “ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூடாது” என்றால், மனு எழுதி, ரசீது கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவராவது அவர் கூடத் துணைக்குப் போகட்டும்.